பாஸ்பரஸின் சும்மா இருந்த கை

கந்தகத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதும் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எறையூர்ப் பக்கம் கரும்பு ஆலையில் கந்தக அடுப்புக்கு அள்ளிப் போடும் ஆளாகச் சேர்ந்தேன். கருப்பஞ்சாறு வெளுப்பதற்காகக் கந்தகத்தை எரித்து அந்தப் புகையைச் சாற்றுக்குள் விடுவார்கள். அந்த அடுப்பு முன்னால் ஒரு அரவைப் பருவம் முழுக்க நின்ற ஆள்கள் குறைவு. கண் எரியும், தொண்டை கரகரக்கும், சோறு தின்றால் நாக்கில் ருசி தெரியாது. நான் வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். அங்கிருந்து மூட்டை இறக்கும் குத்தகை. குத்தகையிலிருந்து ஒரு பழைய லாரி. லாரியிலிருந்து அரியலூரில் உரக்கடை, அதற்குப் பின்னால் கிடங்கு. இன்றைக்குச் செந்துறையிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் கடலைச் செடிக்குக் கந்தகத் தூள் வேண்டுமென்றால் என் கிடங்கைக் கேட்காமல் ஆகாது. இதில் யார் தயவும் கிடையாது. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு எழுத வருமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கங்களே பதில்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்த மருமகள், கந்தகத்தில்தான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்! அவள் செந்துறையில் மாவு மில் வைத்திருந்தவர் மகள். என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவளோ பெரம்பலூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. படிப்பு முடிகிற வரைக்கும் எங்களோடு அரியலூரில் இருந்துகொண்டு பஸ்ஸில் போய்வருவது என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான். “மருமகளைப் படிக்க வைக்கிற மாமனார் இந்தத் தெருவுல வேற எவன் இருக்கான்?” என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். யாரும் கை தூக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால், “அப்படி என்னதாம்மா அங்க பண்றே? விளங்குற மாதிரி சொல்லு,” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சமையலறையிலிருந்து என் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“அத்தை, நீங்க இரும்பு. இங்க நில்லுங்க.”

“இந்த வூட்டுல யாரு இரும்புன்னு இவளுக்காவது தெரிஞ்சுதே,” என்றாள் என் மனைவி.

“நான் பாஸ்பரஸ். பாஸ்பரஸுக்கு நாலு கைன்னு வச்சுக்குங்க மாமா. ரெண்டு கையில வேற என்னமோ சாமானைத் தூக்கி வச்சிருக்கு, அதை விட்டுருவோம். ஒரு கை இரும்பைப் பிடிச்சிருக்கு. மிச்சம் ஒரு கை சும்மா இருக்கு. இந்தச் சோடிக்குத்தான் பாஸ்பிடோன்னு பேரு. இப்ப நீங்க கந்தகம். வாங்க, எங்க வந்து நிப்பீங்க?”

நான் சந்தேகமே இல்லாமல் அவள் சும்மா நீட்டியிருந்த கையைப் பிடித்தேன்.

“எல்லாரும் அங்கதான் போவாங்க. ஆனா இப்படியும் வரலாம்.” என் தோளைப் பிடித்துத் தனக்கும் என் மனைவிக்கும் நடுவில் நிறுத்தினாள். என் ஒரு கையில் மனைவி கை, இன்னொரு கையில் மருமகள் கை. “இப்ப இரும்பும் பாஸ்பரஸும் ஒண்ணையொண்ணு நேரா பிடிக்கல. நடுவுல கந்தகம். பாஸ்பரஸோட அந்த இன்னொரு கை இன்னமும் சும்மாதான் இருக்கு. அந்தச் சும்மா இருக்குற கையாலதான் எல்லா உபயோகமும். அதால இன்னொரு உலோகத்தைப் பிடிக்கலாம், என்னென்னமோ பண்ணலாம்.”

“நடுவுல யாரும் வர வேணாம், சாம்பார் பொங்குது,” என்று என் மனைவி கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

“இரும்பு கழண்டுடுச்சு மாமா,” என்று மருமகள் சிரித்தாள்.

கந்தகத்துக்குப் பங்காளிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். செலினியம், டெல்லூரியம். செலினியம் கந்தகம் மாதிரியே வந்து பிடிக்கும், ஆனால் பிடி கொஞ்சம் தளர்ச்சி. டெல்லூரியம் பிடித்த மாதிரி இருக்கும். கொஞ்சம் வெளிச்சம் பட்டால் போதும், விட்டுவிட்டுக் கறுப்புத் தூளாகக் கண்ணாடிக் குழாயின் அடியில் படிந்துவிடும். செலினியத்தில் வேலை செய்த நாளில் அவள் பஸ் ஏறினால் அந்த நாற்றத்துக்குப் பக்கத்து சீட்டு காலியாகிவிடும். “கருவாட்டுக் கூடையை மேல வைம்மா,” என்று ஒரு கண்டக்டர் சொன்னாராம். என் மனைவி வாசலிலேயே வெந்நீர் வைத்துக் காத்திருப்பாள், குளித்த பிறகுதான் சமையலறைக்குள் அனுமதி.

இது எனக்குப் போதுமாக இருந்தது. டீக்கடையில் என் பங்காளி ஒருவன், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவன், அவனிடம் பிஸ்கட் பாக்கெட்டையும் டம்ளரையும் வைத்துப் பாஸ்பிடோவை விளக்கினேன். அவன் கடைசியில், “இதுல எதைச் சாப்புடணும்?” என்று கேட்டான். இவ்வளவுதான் ஊர்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நானே அவளுடைய லேபுக்குப் போனேன். கிடங்கில் தராசுக்கும் லாரிகளுக்கும் பூஜை முடித்துவிட்டு, பொரி, கடலை, வாழைப்பழம், ஒரு பூசணிக்காய் எல்லாம் காரில் போட்டுக்கொண்டு போனேன். அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை, கைடு அம்மா என்றுதான் வீட்டில் சொல்வோம், சிரித்துக்கொண்டே வரவேற்றார். லேபில் நடுநாயகமாக ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. அதன் முகத்தில் இரண்டு கறுப்பு ரப்பர்க் கைகள், உள்ளேயிருக்கும் வாயு தள்ளுவதால் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன. அதற்குள் கையை விட்டுத்தான் வேலை செய்வார்கள். உள்ளே நாம் சுவாசிக்கிற காற்று கிடையாது, நைட்ரஜன் மட்டும். பாஸ்பிடோவுக்குக் காற்றென்றால் ஆகாது, பட்டால் கெட்டுப்போகும். தப்பித் தவறி உள்ளே வரும் காற்றையும் பிடித்துத் தின்பதற்கு ஒரு சின்ன மெஷின் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பெட்டிக்கும் வைத்தார்கள். சூடம் காட்டிவிட்டு மருமகள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுற்றிக்கொண்டிருந்த அந்த மெஷினை நிறுத்தினாள்.

“அதுக்கும் இன்னைக்கு லீவு,” என்றாள். அவள் அப்பா மாவு மில்லில் அன்றைக்கு பெல்ட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவாராம். யார் வந்து கேட்டாலும் அரைக்க மாட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் கிடங்கிலும் அன்றைக்குத் தராசைத் தொட விடமாட்டேன். உழைத்ததை ஒருநாள் உட்காரவைப்பதுதானே அந்த நாள். பெட்டி மூடித்தான் இருக்கிறது, யாரும் உள்ளே கையை விடப் போவதில்லை, என்ன ஆகிவிடும் என்று எல்லோருமே நினைத்தோம்.

மறுநாள் விஜயதசமி. புதிதாக எதையும் தொடங்குவதற்கு நல்ல நாள். காலையில் போய் மெஷினை ஓடவிட்டு, முன்னமே செய்து உள்ளே வைத்திருந்த பாஸ்பிடோவில் கந்தகத்தைப் போட்டாள். அந்த வாரத்திலேயே போன் வந்தது.

“மாமா! கந்தகம் நடுவுலயே போயிருக்கு. ஒண்ணே ஒண்ணு போயி நின்னுருக்கு!”

பாஸ்பரஸ் இருக்கிற இடத்தைக் காட்டும் மெஷின் ஒன்று உண்டாம். அதில் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அவள் கணக்குப்படி அது, கந்தகம் நடுவில் நின்று, பாஸ்பரஸின் கை சும்மா இருக்கும் பொருள். எடை பார்க்கும் இன்னொரு மெஷினில் மட்டும் ஒரு ஆக்சிஜன் அளவுக்குக் கூடுதலாகக் காட்டியது. கைடு அம்மா, “எடுத்துட்டுப் போற வழியில காத்து பட்டிருக்கும், அதுக்கென்ன,” என்று சொல்லிவிட்டார். என்னிடம் கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன். மழையில் வந்த லாரி எடைமேடையில் கூடுதலாகக் காட்டுவது எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அதே பொருள் திரும்ப வரவில்லை.

எத்தனை முறை செய்தாலும் கந்தகம் முதலில் அந்தச் சும்மா இருக்கும் கையைப் பிடித்தது. பிறகு இன்னொரு கந்தகம் வந்து நடுவில் புகுந்தது. இரண்டு கந்தகம் உள்ளே. கை சும்மா இல்லை. அந்தப் பொருளை யார் வேண்டுமானாலும் செய்யலாமாம். அளவைக் குறைத்துப் பார்த்தாள், குளிரில் வைத்துச் செய்தாள். செலினியத்தில் செய்தாலும் அதேபோலத்தான். டெல்லூரியம் வழக்கம்போலக் கறுப்பாய் உதிர்ந்தது. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் சும்மா இருப்பேனா? “கந்தகம் சரியில்லை” என்று முடிவு கட்டினேன். கிடங்கில் எந்த மூட்டை எப்படி என்று கையில் எடுத்து நசுக்கியே சொல்வேன். நல்ல மஞ்சளாக, கட்டி கட்டியாக இருந்ததில் ஒரு சட்டி நிறைய எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

“இதுல போட்டுப் பாரும்மா.”

அவள் மரியாதையாக வாங்கி ஒரு பிடியைக் கரைத்து வடிகட்டிக் காட்டினாள். வடிதாளில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கியிருந்தன. “செடிக்கு இது போதும் மாமா. எங்களுக்கு வர்றது ஏற்கெனவே கழுவி வர்றது. கோளாறு கந்தகத்துல இல்ல,” என்றாள். சரி, எனக்கும் அவளுக்கும் கந்தகம் வேறு வேறு என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

கைடு அம்மாவுக்கு ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் போவதற்குள் மருமகள் முடித்தாக வேண்டும். “முதல் தடவை வந்தது பொய்யா? அதுக்கான கோடு கையில இருக்குல்ல. அதை எழுது,” என்று சொல்லி எழுத வைத்தார். ஆராய்ச்சிப் புத்தகத்தில் அதுதான் பெரிய அத்தியாயம். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை மாதிரி. புத்தகம் போய், வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்கும் நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நாள் நன்றாக முடிந்தால் அங்கேயே டாக்டர் என்று அறிவித்துவிடுவார்கள். நம் பக்கத்தில் அது அரைக் கல்யாணம். சொந்தக்காரர்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவார்கள், இனிப்பு காரம் காபி எல்லாம் உண்டு.

நான் ஒரு வேன் பேசினேன். அரியலூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் பிளெக்ஸ் வைத்தேன். மருமகள் படம் பெரிதாக, என் படம் அவளை விடச் சற்றே சிறிதாக, பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டு. பங்காளி பார்த்துவிட்டு, “இன்னும் பரிச்சையே நடக்கலையேடா?” என்றான்.

“நடந்து முடிஞ்சப்புறம் எல்லாரும் வைப்பான். முன்னாடி வைக்கத்தான் தெம்பு வேணும்,” என்றேன்.

முதல்முறை வந்த அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை அவள் அப்போதே ஒரு சின்னச் சீசாவில் கரைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தாள். இதற்கு நடுவில் பார்த்தால், மறந்தே போயிருந்த அந்தச் சீசாவின் சுவரில் சிவப்பாய்ப் படிகம் வளர்ந்திருந்தது. படிகம் கிடைத்தால் அதற்குள் எந்த அணு எங்கே நிற்கிறது என்று படமே எடுத்துவிடலாம். சென்னைக்கு அனுப்பி எடுத்தார்கள்.

வேன் விஷயம் சொல்லலாம் என்று அன்றைக்கு நானே காரில் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பெரம்பலூர் தாண்டியதும், சாலையோரம் பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். வேகத்தைக் குறைத்தேன்.

“வேன் வேணாம் மாமா,” என்றாள்.

“ஏம்மா? கார்ல எத்தனை பேர் போவ முடியும்?”

“யாரும் வர வேணாம். படம் வந்துடுச்சு. அந்தக் கை சும்மா இல்ல மாமா.”

நான் காரை ஓரங்கட்டினேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“பாஸ்பரஸோட அந்தக் கையை ஆக்சிஜன் பிடிச்சிருக்கு. கந்தகம் வர்றதுக்கு முந்தியே பிடிச்சிருக்கு. அந்தக் கை கிடைக்காததாலதான் கந்தகம் நேரா நடுவுல போயிருக்கு. எடை மெஷின் சரியாத்தான் காட்டியிருக்கு. போற வழியில பட்ட காத்து இல்ல. உள்ளயே இருந்த காத்து.”

“பெட்டிக்குள்ளதான் காத்தே கிடையாதேம்மா?”

“அன்னைக்கு மெஷினை நிறுத்தினேன்ல மாமா. ஆயுத பூஜை அன்னைக்கு. ரப்பர்க் கை வழியா காத்து கொஞ்சங் கொஞ்சமா கசியும். அதைத் தின்னுறதுக்கு மெஷின் ஓடணும். ஒருநாள் முழுக்க ஓடல. மறுநாள் நல்ல நாளுன்னு நான் மொத வேலையா அதைத்தான் எடுத்தேன்.”

சோளத்தைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினாள். சந்தனம் வைத்த பெட்டி, சூடம், நான் தூக்கிக்கொண்டு போன பூசணிக்காய் எல்லாம் கண்ணில் வந்தன. ஓய்வு கொடுத்தது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அந்த மெஷினுக்கு அது தெரியாதே.

“கைடு அம்மா என்னா சொல்றாங்க?”

“படத்தை இப்ப காட்ட வேணாங்குறாங்க. கேள்வி வந்தா, மேற்கொண்டு ஆராயணும்னு சொல்லிட்டு இறங்கிடு, டிகிரி வாங்கினப்புறம் சரி பண்ணிக்கலாம்னு.”

“அவங்க சொல்றதும் ஞாயம்தானம்மா?” என்றேன். இதைச் சொன்னேன் என்று எழுத எனக்குக் கூச்சம் இல்லை. பாடுபட்டவள் அவள். சீசாவுக்குள் இருக்கும் ஒரு ஆக்சிஜனுக்காக எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா? அந்த இடத்தில் எந்த மாமனாரும் அதைத்தான் சொல்லியிருப்பான். “பட்டத்தை வாங்கிக்க. அப்புறம் சொல்லு. யாரு உன்னைக் கேக்கப் போறா?”

“அந்தக் கை சும்மா இருக்குன்னு நம்பி எவளாவது ஒருத்தி மேற்கொண்டு செய்வா மாமா. எங்கயோ ஒரு ஊர்ல. அவளுக்கும் வராது. எனக்குப் போன மாதிரியே அவளுக்கும் ஒரு வருசம் போயிடும். அவ கந்தகம் சரியில்லன்னு அவ மாமனாரு ஒரு சட்டியைத் தூக்கிட்டு வருவாரு.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை. காரை எடுத்தேன். படத்தைக் காட்டப் போகிறாளா மாட்டாளா என்று நான் கேட்கவில்லை. வேனை மட்டும் நிறுத்தவில்லை. பேசியது பேசியதுதான், கடைசி நேரத்தில் மனசு மாறலாம் என்று ஒரு எண்ணமும் இருந்தது.

அந்த நாள் வந்தது. கல்லூரி மண்டபத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் மூன்று வரிசையை நிரப்பினார்கள். செந்துறையிலிருந்து அவள் அப்பா, புதுச்சட்டையில் மடிப்புக் கலையாமல். என் மகன் முன்வரிசையில் போனை வீடியோவுக்குப் பிடித்துக்கொண்டு. வெளியூர்ப் பேராசிரியர் ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். மருமகள் இங்கிலீஷில் பேசினாள். எங்கள் வரிசையில் பாதிப் பேர் கொஞ்ச நேரத்தில் கண் அசந்துவிட்டார்கள். நான் அசரவில்லை. திரையில் அணுப்படங்கள் வரும்போதெல்லாம் எது இரும்பு எது பாஸ்பரஸ் என்று எனக்குத் தெரிந்தது.

பெரிய அத்தியாயம் வந்தது. திரையில் ஒரு புதுப்படம் வந்தது. பாஸ்பரஸிலிருந்து நீட்டிக்கொண்டு சிவப்பாய் ஒரு உருண்டை, அந்த ஆக்சிஜன். கைடு அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். ஆக்சிஜன் என்ற வார்த்தை இரண்டு மூன்று தடவை வந்தது. பிறகு அந்த இங்கிலீஷுக்கு நடுவில் ‘ஆயுத பூஜா’ என்று காதில் விழுந்தது. பின்வரிசை மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஆள்கள் விழித்துக்கொண்டு, பூஜையைப் பற்றி என்னவோ நல்லதாகச் சொல்கிறாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வெளியூர்ப் பேராசிரியர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தமிழிலேயே கேட்டார்.

“ஏம்மா, புத்தகத்துல எழுதினது ஒண்ணு. இங்க சொல்றது ஒண்ணு. எது உங்க முடிவு?”

“இங்க சொல்றதுதான் சார்.”

“காத்துதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க? மெஷினை நிறுத்தினது ஞாபகத்துக்கு வந்துதுங்கறது ருசு ஆகாதுல்ல. இதுவும் ஒரு ஊகம்தான்.”

அவள் கையிலிருந்த நோட்டில் அதைக் குறித்துக்கொண்டாள்.

“அளந்து காத்தை விடுங்க. வேணும்னே விடுங்க. அப்புறம் கந்தகத்தைப் போடுங்க. அதே பொருள் வந்துச்சுன்னா அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக் கொண்டாங்க. திரும்ப உக்காருவோம். இன்னைக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது.”

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

வெளியே தாழ்வாரத்தில் கைடு அம்மா அவளிடம், “உனக்கு மட்டுமா பேரு இருக்கு? எனக்கும் இருந்துச்சும்மா. போற நேரத்துல இப்படி,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிப்பு வாங்கியாகிவிட்டதால் எல்லோரும் சாப்பிட்டார்கள். “டாக்டர் ஆயிடுச்சா, ஆவலையா?” என்று என் மைத்துனி ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் அப்பா மட்டும் மகளிடம் போய், “மெஷினை நிறுத்துன்னு உனக்கு நாந்தானேம்மா பழக்கினேன்,” என்றார். அவள் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேன் டிரைவரிடம் போய்ச் சத்தம் போட்டேன், எதற்கென்று இப்போது நினைவில்லை.

பிளெக்ஸை எடுக்கச் சொல்லி மகன் சண்டை போட்டான். நான் முடியாது என்றேன். கடைசியில் காற்று அடித்துக் கிழிந்தது. ஒரு பழக்கடைக்காரர் வெயிலுக்கு மறைப்பாக எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவள் செய்தது எனக்கு முதலில் புரியவே இல்லை. தப்பை வேண்டுமென்றே செய்வது. எவ்வளவு காற்று கசிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, கசியும்போது யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெட்டி மற்ற மாணவர்களுக்கும் வேண்டும் என்பதால், அவர்கள் வேலை இல்லாத நேரத்தில்தான் இவளுக்குக் கிடைத்தது. தனியாக ஒரு குடுவையில் ஊசியால் காற்றை அளந்து ஏற்றினாள். முதலில் கூடிப்போய் எல்லாம் பழுப்பாகிவிட்டது. குறைத்தால் கந்தகம் வழக்கம்போல அந்தக் கையைப் பிடித்தது. சில நாள் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தூங்கி அரியலூரைத் தாண்டிப் போய் இறங்குவாள்.

“சரியாச் செய்யறதை விடத் தப்பாச் செய்யறதுதாங்க மாமா கஷ்டமா இருக்கு,” என்றாள் ஒருநாள்.

போன மாதம் ஒரு முற்பகல் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “மாமா, கோடு அதே இடத்துல விழுந்திருக்கு. காத்துதான்.” பின்னால் யாரோ பேசுகிற சத்தம். “சுத்தமா இல்ல, பக்கத்துல சின்னச் சின்னதா வேற கோடும் இருக்கு. இன்னும் ரெண்டு மூணு தடவை வரணும். வச்சுடறேன்.”

நான் நேராக டீக்கடைக்குப் போனேன். பங்காளி உட்கார்ந்திருந்தான்.

“மருமவ ருசுப்படுத்திட்டா,” என்றேன்.

“எதை?”

“அன்னைக்கு நடந்தது தப்புன்னு.”

அவன் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தான். “தப்பு பண்ணினதை ருசுப்படுத்துறதுக்கா இத்தனை மாசம்? நம்ம ஆளுவ அதை மறைக்கத்தானடா பாடுபடுவான்?”

“அதனாலதான் நீ இன்னும் சுண்ணாம்புக்கல் ஓட்டுற. செஞ்ச தப்பை அச்சுப் பிசகாம ரெண்டாந்தரம் செஞ்சு காட்டு, பாப்போம்.”

அவன் சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். நானும் வெற்றி அடைந்த மாதிரிதான் திரும்பினேன். ஆனால் பாதி வழியிலேயே அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. கைடு அம்மா இந்தப் பருவத்தோடு போகிறார். அவருக்குப் பதிலாக யார் கையெழுத்துப் போடுவார் என்று இன்னும் முடிவாகவில்லை. வெளியூர்ப் பேராசிரியரிடமிருந்து தேதி வரவில்லை. அவளுக்கு என்று ஒரு கல்லூரியில் வைத்திருந்த ஆசிரியர் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் வந்தாள். என் மனைவி வழக்கம்போல வெந்நீர் எடுத்துவைத்தாள். மருமகள் செருப்பைக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“நல்ல சேதிதானம்மா? ஏன் இப்படி உக்காந்துட்டே?”

“நல்ல சேதிதான். இந்தக் கோடு விழலைன்னா தப்பு என்னான்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. விழுந்துடுச்சு, அதனால அந்தக் கை என்னைக்குமே சும்மா இருந்ததில்லன்னு ஆயிடுச்சு. நான் கண்டுபிடிச்சேன்னு நெனச்ச பொருளு உலகத்துலயே இல்ல.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க மாமா. எது நடந்திருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்?”

தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால் இந்த வருடம் கப்பலில் வந்து இறங்கும் கந்தகம் எப்படி நிறம் மங்கிப் போயிருக்கிறது என்று கொஞ்ச நேரம் பேசினேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து, வெந்நீர் ஆறிக்கொண்டிருந்த பக்கம் குளிக்கப் போனாள்.